விடுகைப் பத்திரமும் வெட்டுப்புள்ளியும்



சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளிலே கல்முனைப் பக்கத்தில் ஒருவர் கடைத்தெருவுக்குப் போய் வருவாராயின், அவர் காதில் விழும் பேச்சுப் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "உங்கட மகளுக்கு எத்தன ஏ?" என்பதே அது. மீன் சந்தையிலும் கேட்பார்கள். பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்பார்கள். கோயில் வீதியிலும் கேட்பார்கள். மருதமுனையிலே தறியில் அமர்ந்திருப்பவர் கையைச் சற்றே நிறுத்திவிட்டுக் கேட்பார். ஒன்பது பாடங்களிலும் அதிவிசேட சித்தி என்றால் வாப்பாவின் நடையே மாறிவிடும். அந்த மகிழ்ச்சியைக் குறைசொல்வார் யாரும் இலர். ஆனால், அன்று மாலையே வீட்டுத் திண்ணையிலே தொடங்கும் ஆலோசனை ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

"ஒன்பது ஏ எடுத்த புள்ளைய இங்க வெச்சிருக்கலாமா? கொழும்புக்கு அனுப்பினா என்ன? கண்டிக்கு அனுப்பினா என்ன?" என்று ஒருவர் தொடங்குவார். காணியிலே ஒரு துண்டை ஈடு வைப்பதா, பெரும்போக நெல்லை விற்பதா என்பது வரைக்கும் பேச்சுப் போகும். பெறுபேறு குறைந்த வீட்டிலோ வேறு விதமான பேச்சு. "கணிதத்திலே வெறும் சாதாரண சித்திதான், இனி இவனுக்குப் படிப்பு எதற்கு?" என்று பதினாறு வயதுப் பிள்ளையின் தலைவிதியை ஒரு மாலைப் பொழுதில் எழுதி முடித்துவிடுவார்கள்.

இரண்டு வீடுகளிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றே. பாடசாலையில் வாங்கிய புள்ளி, மாணாக்கர் ஒரு கலாசாலையை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது எவ்வளவு தூரத்துக்குக் கூட வருகின்றது? எந்த வாயிலிலே அது கேட்கப்படுகின்றது? எந்த வாயிலுக்கு அப்பால் அதைத் திரும்பிப் பார்ப்பாரும் இல்லை? இதை அறியாமல் காணியை ஈடு வைப்பதும் தவறு, பிள்ளையைக் கடையில் நிறுத்துவதும் தவறு என்பது என் கருத்து.

முதல் வாயில் உயர்தர வகுப்பின் வாயில். ஒரு பாடசாலையிலே பதினோராம் வகுப்பு வரை கற்ற பிள்ளை, விடுகைப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு இன்னொரு பாடசாலையின் அதிபர் முன்னே போய் நிற்கின்றது. பொத்துவிலிலிருந்தும் இறக்காமத்திலிருந்தும் கல்முனைக்கு வரும் பிள்ளைகள் உண்டு. கல்முனையில் சாஹிராக் கல்லூரி, மஹ்மூத் மகளிர் கல்லூரி, கார்மேல் பற்றிமாக் கல்லூரி, உவெஸ்லி உயர்தரப் பாடசாலை எனப் பெயர்பெற்ற கலாசாலைகள் இருக்கின்றன. அவற்றின் விஞ்ஞான வகுப்புகளை நாடி வருவோர் பலர். அந்த அதிபருக்கு இந்தப் பிள்ளையை முன்பின் தெரியாது. பிள்ளை கரும்பலகையின் முன்னே எப்படிச் சிந்திக்கும், தோல்வி வந்தால் எப்படித் தாங்கும் என்பன ஒன்றும் அவர் அறியார். அவர் கையில் இருப்பது பெறுபேற்றுத் தாள் ஒன்றே. ஆதலின் இந்த வாயிலிலே சாதாரண தரப் புள்ளிக்கு உள்ள வலிமை வேறெங்கும் இல்லை.

முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களிற் சித்தி, அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தி என்பதே உயர்தர வகுப்புக்குப் பொதுவாகக் கேட்கப்படும் அளவு. இது தரை மட்டம். உயிரியற் பிரிவுக்கோ கணிதப் பிரிவுக்கோ இடம் கேட்போருக்குப் பெரிய பாடசாலைகள் இதற்கு மேலே தாமே ஒரு மட்டத்தை வைத்துக்கொள்கின்றன. இடம் நாற்பது, கேட்போர் நூற்றிருபது என்றால் அதிபர் வேறென்ன செய்வார்? ஆயினும் ஒன்றை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். எழுபத்தைந்து புள்ளி பெற்றவருக்கும் ஏ. தொண்ணூற்றொன்பது பெற்றவருக்கும் ஏ. எழுபத்துநான்கு பெற்றவருக்கோ பீ. எழுபத்துநான்குக்கும் எழுபத்தைந்துக்கும் இடையிலுள்ளது ஒரு புள்ளி. அதை உலகம் காண்கின்றது. எழுபத்தைந்துக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் இடையிலுள்ளது இருபத்துநான்கு புள்ளி. அதை எவரும் காண்பதில்லை. "ஒன்பது ஏ" எடுத்த இருவர் ஒரே தரத்தினர் என்று எண்ணி, விஞ்ஞானப் பிரிவிலே ஒருவர் மிதப்பதையும் மற்றவர் மூழ்குவதையும் கண்டு வியப்போர், இந்த எழுத்தின் திரையை மறந்தவர்களே.

சாதாரண தரத்திலே போதிய பெறுபேறு கிடைக்காதவர்க்கும் வழி முழுவதும் அடைபடவில்லை. 2017ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற பதின்மூன்று ஆண்டுக் கல்வித் திட்டம், அப்பெறுபேறு எதுவாயினும் தெரிந்தெடுத்த பாடசாலைகளிலே தொழிற்பிரிவிற் கற்க இடம் தருகின்றது. நம் பக்கத்திலே இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தொழிற்கல்வி என்றவுடன் முகம் சுளிக்கும் வழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை போலும்.

இனி, கொழும்புக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் பலர் அறியாத முடிச்சு ஒன்று உண்டு.

நம் நாட்டிலே பல்கலைக்கழக அனுமதி, மூளையின் திறத்தை மட்டும் பார்த்துத் தரப்படுவதன்று. மாவட்டத்தையும் பார்த்துத் தரப்படுகின்றது. இதன் வரலாறு கசப்பானது. 1970ஆம் ஆண்டுப் பரீட்சைப் பெறுபேற்றின்மீது அனுமதி வழங்கியபோது, மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. பேராதனையிலே பொறியியல் கற்க நானூறுக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 227 புள்ளி பெற்றால் போதும்; தமிழ் மொழிமூல மாணவர் 250 பெறவேண்டும். தமிழிற் கற்ற முஸ்லிம் மாணவரும் அந்த உயர்ந்த கோட்டைத் தாண்டவேண்டியவர்களே. பின்னர் 1973இல் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. விகிதங்கள் பலமுறை மாறி, இன்றைய ஒழுங்கின்படி பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படியும், 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் செல்கின்றன. அம்பாறை அந்தக் குறைந்த மாவட்டங்களுள் ஒன்று.

மாவட்ட ஒதுக்கீட்டினால் யாழ்ப்பாணத்து இளைஞர் இழந்தது பெரிது. அந்த இழப்பிலிருந்து எழுந்த சினம் நாட்டின் சரித்திரத்தையே மாற்றியது. அதே ஒதுக்கீட்டினால் கிழக்குக் கரையின் பின்தங்கிய ஊர்களிலிருந்து, முன்பு பல்கலைக்கழக வாயிலையே கண்டிராத வீடுகளின் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வந்தார்கள் என்பதும் உண்மை. ஒரே மொழி பேசும் இரண்டு ஊர்கள் ஒரே விதியின் இரண்டு பக்கங்களில் நின்றன. இதைப் பற்றிப் பேசும்போது ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது.

அது நிற்க. மாவட்டம் எப்படிக் கணிக்கப்படுகின்றது? பிறந்த ஊரை வைத்தன்று. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டத்துப் பாடசாலையிலே கற்றார் என்பதே பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி. நகரத்துப் பிள்ளைகள் கடைசி நேரத்திலே பின்தங்கிய மாவட்டத்துக்கு ஓடிவந்து, அங்குள்ளோரின் இடத்தைப் பறித்துக்கொள்ளாதிருக்கவே இந்தக் காவல். ஆனால், காவல் இருபக்கமும் வெட்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே கொழும்புக்குப் போன கல்முனைப் பிள்ளை, பரீட்சை எழுதும் நாளிலே கொழும்பு மாவட்டத்தவர். கொழும்பிலே வெட்டுப்புள்ளி பொதுவாக உயர்ந்து நிற்கும். அம்பாறையிலே அதற்குக் கீழே நிற்கும். ஊரிலே இருந்திருந்தால் மருத்துவ பீடத்துக்குப் போதுமாயிருந்திருக்கும் புள்ளி, அங்கே போதாமற் போகலாம். சாதாரண தரம் எழுதிவிட்டு மாறியவரின் நிலையை எடுத்த எடுப்பில் இப்படி என்று கூற முடியாது. பாடசாலைப் பதிவேட்டின் திகதிகளை எண்ணிப் பார்த்து, அவ்வாண்டுக் கைநூலோடு ஒப்பிட்டே சொல்லவேண்டும். பஸ் வண்டிக்குச் சீட்டு வாங்குமுன் செய்யவேண்டிய கணக்கு இது.

இவ்வளவு தூரம் போவானேன்? பெரியநீலாவணையின் வடக்கு எல்லையிலே நின்று பாருங்கள். 1961ஆம் ஆண்டுக்கு முன் கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டிலே அம்பாறை தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு நீலாவணைகளின் நடுவே விழுந்தது. பெரியநீலாவணை அம்பாறையில், துறைநீலாவணை மட்டக்களப்பில். மாமன் வீடு ஒரு மாவட்டம், மச்சான் வீடு மறு மாவட்டம். சைக்கிளிலே போய்வரும் தூரத்திலுள்ள பாடசாலையை மாற்றினாலும் மாவட்டம் மாறிவிடும். பாடசாலை நல்லதா, ஆசிரியர் உண்டா என்று விசாரிக்கும் பெற்றோர், அது எந்த மாவட்டம் என்பதையும் விசாரிக்க வேண்டிய நாடு இது.

அப்படியானால் ஊரை விட்டுப் போகவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல நான் வரவில்லை. இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் இல்லாத ஊரிலே பிள்ளையை வைத்துக்கொண்டு, மாவட்ட ஒதுக்கீடு காப்பாற்றும் என்று இருப்பது பேதைமை. ஒதுக்கீடு கோட்டைச் சற்றே கீழே இறக்கித் தருகின்றது. கோட்டைத் தாண்டப் பிள்ளைதான் குதிக்கவேண்டும். ஆனால் கல்முனையிலே, பாடசாலையும் பிரத்தியேக வகுப்பும் நிரம்பக் கிடைக்கும் இடத்திலே, கொழும்புக் கல்லூரியின் சின்னத்தைச் சட்டைப்பையிலே குத்திக்கொள்ளும் ஆசைக்காக மட்டும் பிள்ளையை அனுப்புவது வேறு கதை. விடுதியிலே தனியே கிடந்து, சோறும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாமல், உம்மாவை நினைத்து ஏங்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டு எத்தனை புள்ளியைப் பறிக்கும் என்று எவரும் கணக்கிட்டதில்லை.

அடுத்த வாயில் பல்கலைக்கழகம். இங்கே ஒரு விந்தை நிகழ்கின்றது. ஊரையே எழுப்பிய அந்த ஒன்பது ஏயும் இங்கே பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. சில கற்கைநெறிகளுக்கு மட்டும், சாதாரண தரத்திலே கணிதத்திலோ ஆங்கிலத்திலோ இன்ன சித்தி வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனை நிறைவேறினால் சரி. அதற்கு மேலே ஓர் ஏ இருந்தாலும் ஒன்பது ஏ இருந்தாலும் தெரிவிலே மாற்றமில்லை. தெரிவைச் செய்வது உயர்தரத்தின் இசட் புள்ளி.

இசட் புள்ளி என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கின்றது. பொருள் சிலருக்கே தெரியும். ஓர் உதாரணத்தாற் சொல்கின்றேன். ஒரு பாடத்திலே நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரி 60 என்றும், புள்ளிகள் அந்தச் சராசரியிலிருந்து சிதறி நிற்கும் அளவு, அதாவது நியம விலகல், 10 என்றும் வைத்துக்கொள்வோம். அதிலே 70 பெற்றவர் சராசரிக்கு மேலே 10 புள்ளி. அதைப் பத்தால் வகுத்தால் 1. இன்னொரு பாடம் கடினமானது; சராசரி 40, விலகல் 15. அதிலும் ஒருவர் 70 பெற்றார். சராசரிக்கு மேலே 30. பதினைந்தால் வகுத்தால் 2. இருவர் வாங்கியதும் எழுபதுதான். ஆனால் இரண்டாமவரின் எழுபது இருமடங்கு உயரத்தில் நிற்கின்றது. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியைத் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை எழுதுவார்கள். சாதாரண தரத்திலே இருபத்துநான்கு புள்ளி வேறுபாட்டையும் ஓர் எழுத்து மூடி மறைத்தது. இங்கோ நான்காம் தசமத்திலுள்ள வேறுபாடு ஒருவரைப் பேராதனைக்கும் இன்னொருவரை ஒலுவிலுக்கும் அனுப்பும்.

உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டதை அடுத்து, 2001ஆம் ஆண்டிலே இந்த முறை நடைமுறைக்கு வந்தது. கணிதம் நேர்மையானது, ஆனால் யாரை யாரோடு சேர்த்துக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் நேர்மை நிற்கும். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தார் ஒரு வினாத்தாளிலும் புதிய பாடத்திட்டத்தார் இன்னொரு வினாத்தாளிலும் எழுதினர். இரு கூட்டத்தாரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. நாடெங்கும் குழப்பம் எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2012 யூன் மாதத்திலே அந்தக் கணிப்பை நீக்கி, இரு கூட்டத்தாருக்கும் தனித்தனியே கணிக்கும்படி தீர்ப்பாயிற்று. விடைத்தாளிலே ஓர் எழுத்தும் மாறவில்லை. வாங்கிய புள்ளி மாறவில்லை. இசட் புள்ளி மட்டும் மாறியது, அதனோடு பலரின் பல்கலைக்கழகமும் மாறியது. புள்ளி என்பது பிள்ளையின் நெற்றியில் எழுதப்பட்டது என்று நினைப்போர் அந்த ஆண்டை நினைத்துப் பார்க்கலாம்.

பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபின் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறலாமா என்று பல மாணவர் கேட்கின்றனர். இங்கே இடம் கிடைத்தது, அங்கே போக விருப்பம். நோயாளித் தாய் கல்முனையில், படிப்பு மாத்தறையில். இத்தகைய முறையீடுகள் ஆண்டுதோறும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குச் செல்கின்றன. எதிர்பார்ப்போடு செல்வோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: நம் நாட்டிலே இந்த வழி மிக ஒடுங்கியது, தொடக்கத்திலே விண்ணப்பப் படிவத்தில் விருப்ப வரிசையை எழுதும்போதுதான் உண்மையான மாற்றம் உங்கள் கையில் இருக்கின்றது. இடம் வெறுமையானால் அதை நிரப்புவதும் அந்த இசட் புள்ளியையும் அந்த வரிசையையும் பார்த்தே. ஒரு பல்கலைக்கழகத்திற் பதிந்துகொண்டவர், மீண்டும் பரீட்சை எழுதி வேறோர் அனுமதி கேட்க வருவதற்குத் தடைகள் உண்டு. பதிவுப் படிவத்திலே கையொப்பமிடுமுன் கைநூலின் அந்தப் பக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள். மச்சான் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்று இருக்கவேண்டாம்.

ஒடுங்கிய வழி என்றேன். ஆனால் இந்தக் கரையிலே ஒரு பல்கலைக்கழகமே மாணவர் இடமாற்றத்தின் இடரிலிருந்து பிறந்தது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்றிருந்தும், போரினாலும் இனப்பகையினாலும் அங்கே போய்க் கற்க இயலாதிருந்த முஸ்லிம் மாணவரின் நிலை தொண்ணூறுகளிலே பெருந்துயராயிருந்தது. புள்ளி இருந்தது, அனுமதிக் கடிதம் இருந்தது, பாதைதான் இல்லை. அவர்களின் நிலைமையை முன்வைத்து, அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியினால் 1995 ஒக்டோபரிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1996 மே மாதத்திலே அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று ஒலுவிலில் அதன் வளாகம். சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம். இப்போது அங்கே பல இனத்து மாணவரும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்து கற்கின்றனர்.

உலகத்தின் வேறு பகுதிகளிலே இந்த மாற்றம் எவ்வாறு நடக்கின்றது என்பதைச் சிறிது பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, உயர்நிலைப் பள்ளியிற் புள்ளி குறைந்த மாணவர் ஊர்க் கல்லூரி ஒன்றிலே சேரலாம். இரண்டு ஆண்டு கற்று, அறுபது அலகு முடித்துக்கொண்டு, மாநிலப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறும்படி விண்ணப்பிக்கலாம். அப்போது தெரிவுசெய்வோர் பார்ப்பது அந்த இரண்டு ஆண்டின் புள்ளியை. பள்ளிக்கூடப் புள்ளியை வைத்துத் தெரிவதில்லை. ஓராண்டுப் படிப்புக்கூட முடிக்காமல் மாற வருவோரிடம் மட்டும், அந்நாட்டுக் கல்லூரிகள் பல பள்ளிப் பெறுபேற்றைக் கேட்கின்றன. காரணம் எளிது. புதிய சான்று போதாதபோது பழைய சான்று பேசுகின்றது. புதிய சான்று வந்ததும் பழையது வாயை மூடுகின்றது.

அவ்வளவு தூரம் போகாமலே, பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இதைக் காணலாம். அங்கே பத்தாம் வகுப்பு முடித்தவர் பாலிடெக்னிக்கிலே மூன்றாண்டு பட்டயப் படிப்புப் படித்துவிட்டு, பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலே நேரடியாகச் சேரலாம். சேர்க்கைக்குப் பார்க்கப்படுவது பட்டயப் படிப்பின் மதிப்பெண். பத்தாம் வகுப்பிலே தடுமாறிய பையன், பட்டறையிலும் வரைமேசையிலும் தன் கைத்திறனைக் கண்டுகொண்டு, பொறியியற் பட்டதாரியாக வெளிவருகின்றான். பதினைந்து வயதில் வாங்கிய மதிப்பெண் பதினெட்டு வயதிலே அவனைத் தொடர்ந்து வந்து மறிப்பதில்லை.

நம் நாட்டிலே இப்படியொரு கதவு அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். திறந்த பல்கலைக்கழகம் 1980இலே நிறுவப்பட்டது; மட்டக்களப்பிலும் அதற்கு நிலையம் உண்டு. உயர்தரத்திற் சித்தியடையாதவரும் அங்கே அடிப்படைப் பாடநெறியொன்றைக் கற்று முடித்துப் பட்டப்படிப்புக்கு ஏறலாம். சம்மாந்துறையிலுள்ள உயர்தொழினுட்பவியல் நிறுவகத்திலே உயர் தேசிய டிப்ளோமா கற்கலாம். 2012ஆம் ஆண்டிலே இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்ற ஏணி ஒன்றும் வகுக்கப்பட்டது. அதிலே பன்னிரண்டு படிகள்: சாதாரண தரம் முதற்படி, உயர்தரம் இரண்டாம் படி, பொதுப் பட்டம் ஐந்தாம் படி, சிறப்புப் பட்டம் ஆறாம் படி, கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் படி. ஒரு படியிலே சம்பாதித்த அலகை அடுத்த நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லலாம் என்பது அந்த ஏணியின் கருத்துகளுள் ஒன்று.

ஏணி எழுதப்பட்டிருக்கின்றது, ஏறுவோரைக் காண்பதுதான் அரிது. டிப்ளோமாவிலே நன்றாகத் தேறிய ஒரு மாணவி அரசாங்கப் பல்கலைக்கழகமொன்றின் இரண்டாம் ஆண்டிலே போய்ச் சேர்ந்தாள் என்ற செய்தி நம் ஊரில் ஒரு சாதாரணச் செய்தியாக வேண்டும். இன்று உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். மூன்றாம் தடவையும் தவறினால், உள்வாரி மாணவராக நுழையும் பெருவாயில் மூடப்படுகின்றது. இருபது வயதில் மூடிய வாயில், இருபத்துநான்கு வயதில் எத்தனை திறமையைக் காட்டினாலும் திறப்பதில்லை. இது பொருளாதாரக் கணக்கிலும் நட்டம், மனிதக் கணக்கிலும் நட்டம். இடம் குறைவு, கேட்போர் அதிகம் என்ற விடையை நான் அறிவேன். இடம் குறைவாயிருக்கும்போதுதான் யாருக்கு அது தகும் என்பதை ஒரு தடவைக்கு மேலே பார்க்கவேண்டியிருக்கின்றது.

இந்த மண்ணிலே புதிய சான்றைத் தேடித் தேடிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். காரைதீவிலே 1892இற் பிறந்து மயில்வாகனன் என்ற பெயரோடு கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்றவர், பின்னாளில் விபுலாநந்த அடிகளானார். பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சை. பின் ஆசிரியர் பயிற்சி. பின் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியிலே விஞ்ஞான டிப்ளோமா. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. 1920இலே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம். அந்தப் பட்டத்தை அவர் இலண்டனுக்குப் போய்ப் பெறவில்லை. இங்கே ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டு, தாமாகப் படித்து, பரீட்சை எழுதிப் பெற்றார். 1931இலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இலே இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். ஒரு பரீட்சை தந்த இடத்திலே நின்றுவிடாமல், ஒவ்வொரு வாயிலிலும் அடுத்த வாயிலுக்கான சான்றைச் சம்பாதித்தார். அந்த வெளிவாரி வழி அன்று திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வழி இல்லாதவிடத்து விடாமுயற்சியைப் பற்றி உபதேசம் செய்வது எளிது.

அவருடைய நண்பர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களோ பணத்தின் பக்கத்தைக் கண்டவர். 1942இலே கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர், வயல்வெளியிலே உணவு உற்பத்தியைப் பெருக்கும் வேலையோடு, புள்ளி இருந்தும் பொருள் இல்லாமையால் நின்றுபோகும் பிள்ளைகளையும் கண்டார். கல்முனையிலே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்று உருவாயிற்று. அந்த எண்ணமே வளர்ந்து 1945இலே நாடளாவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாயிற்று. காணியை ஈடு வைக்காமல் ஒரு பிள்ளை மேலே போகலாம் என்பதற்கு இந்த ஊர் அன்றே வழி கண்டிருக்கின்றது. இன்று கொழும்பு விடுதிக்குக் கொடுக்கும் பணத்திலே ஒரு பங்கை ஊர்ப் பாடசாலையின் ஆய்வுகூடத்துக்கும், பௌதிகவியல் ஆசிரியர் ஒருவருக்கு வீடு பார்த்துக் கொடுப்பதற்கும் செலவிட்டால், எத்தனை பிள்ளைகளின் இசட் புள்ளி உயரும் என்று நம் ஊர்ச் சங்கங்கள் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும்.

முடிக்குமுன் ஒரு சிறு காரியம். விண்ணப்பங்கள் பெரிய காரணங்களால் மட்டும் தடைப்படுவதில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலே ஒரு பெயர். பாடசாலைப் பதிவேட்டிலே வாப்பாவின் பெயரை முன்னே சேர்த்து இன்னொரு பெயர். பரீட்சைப் பத்திரத்திலே முதலெழுத்துகளோடு மூன்றாவது பெயர். அடையாள அட்டையிலே நான்காவது. நம் பக்கத்துப் பெயர்களின் நீளமும் ஆங்கில எழுத்துக்கூட்டலும் எழுதுவினைஞரின் பொறுமையைச் சோதிப்பன. பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே இந்த நான்கையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே திருத்துங்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது, மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளோடு சான்றிதழ்களும் போயின. சான்றிதழ் போனாலும் புள்ளி போவதில்லை. அது பரீட்சைத் திணைக்களத்தின் ஏட்டிலே இருக்கின்றது. விண்ணப்பித்தால் உறுதிப்படுத்திய பிரதி தருவார்கள். அதைத் தேடியெடுக்கப் பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் வேண்டும். அவ்விரண்டையும் சான்றிதழ் வைத்த அதே பெட்டிக்குள் வைக்காமல், வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து வையுங்கள்.